எந்தச் சொல்லில் தேடினாய்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: “மூணு மாசமாத் தேடிட்டேன் பெரியம்மா. சிவகங்கைக் கண்மாயைப் பத்தி உருப்படியா ஒண்ணுமே இல்ல. டாபிக்கை மாத்திரலாமானு கைடுகிட்ட கேக்கப் போறேன்.”

நான் அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டேன். காபி போடத்தான் எழுந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். பல்கலைக்கழக நூலகத்தில் 31 வருஷம் இருந்தவள் நான். அங்கே நான் அதிகம் சொன்ன சொல் ‘இல்லை’. பிறகு நினைத்து நினைத்து வருத்தப்பட்டதும் அதே சொல்லுக்காகத்தான், அதுவும் இதே கண்மாய் விஷயத்தில். அன்றைக்கே சொல்லியிருப்பேன்; பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உன் அம்மா அவசரப்படுத்தினாள். அதனால் எழுதுகிறேன் பாப்பா.

1988. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். அப்போது கம்ப்யூட்டர் ஏது? அட்டைப் பெட்டிகள்தான். ஆசிரியர் பெயருக்கு ஒரு வரிசை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. இளையான்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வருவார். பள்ளிக்கூட வாத்தியார், பார்ட் டைமில் பிஎச்.டி. சனிக்கிழமை மட்டும்தான் அவருக்கு ஒழியும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு வருவார். “மேடம், கண்மாய் பத்தி எதுவும் இருக்குங்களா?” என்றார். பொருள் அட்டையில் ‘க’ இழுப்பறையைத் திறந்து பார்த்தேன், எதுவும் இல்லை. ஆங்கில வரிசையில் ‘டாங்க்’ பார்த்தேன். கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி கட்டுவதைப் பற்றி ஒரே ஒரு புத்தகம். “இல்லைங்க” என்றேன். அவர் நீட்டிய சீட்டில் ‘இல்லை’ என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க மேடம்” என்று போய்விட்டார். மொத்தம் மூன்று நிமிஷம்.

அடுத்த மே மாதம் ஸ்டாக் வெரிஃபிகேஷன். ரேக் ரேக்காகப் புத்தகத்தை இறக்கி, அக்செஷன் நம்பர் படித்துச் சொல்ல வேண்டும். இன்னொருத்தர் பதிவேட்டில் டிக் அடிப்பார். தும்மலும் தூசியுமாகப் போய்க்கொண்டிருந்தபோது வரலாறு ரேக்கில் ஒரு தடித்த பைண்டு கைக்கு வந்தது. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியர், 1906. சும்மா புரட்டினேன். வேளாண்மைக்கும் பாசனத்துக்கும் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நெல்சனின் ‘மதுரா கன்ட்ரி’, 1868. பழைய செட்டில்மென்ட் அறிக்கைகள் இன்னொரு அறையில், கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தன. பாசனப் புத்தகங்கள் 631.7 என்ற எண்ணில், விவசாயத்துக்குள் தனியாக இருந்தன. எல்லாமே இருந்திருக்கிறது பாப்பா. அட்டையில்தான் ‘கண்மாய்’ என்ற சொல் இல்லை. அட்டை எழுதினவர் செங்கல்பட்டுக்காரர். அவர் ஊரில் அதற்குப் பெயர் ஏரி.

வாத்தியாருக்குக் கார்டு எழுதிப் போட்டேன். அவர் வரவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டார் என்று அப்புறம் துறையில் சொன்னார்கள். வீட்டில் என்ன கஷ்டமோ, சம்பளம் போதவில்லையோ, எனக்குத் தெரியாது. என்னால்தான் விட்டார் என்று சொன்னால் அது என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வது. ஆனால் அந்த மூன்று நிமிஷத்தில் நான் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கண்மாயில் உங்களுக்கு என்ன வேண்டும்? தண்ணீர் பங்கிடும் முறையா, வரியா, மராமத்தா, சண்டையா? கேட்கவே இல்லை.

இப்போது உன் விஷயம். உன் லேப்டாப்பில் நீ தேடியதைக் காட்டினாயே, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ‘டாங்க்’ என்று போட்டாய். ஆவடியில் செய்கிற ராணுவ டாங்கி வந்தது. மொட்டை மாடியில் வைக்கிற கறுப்புத் தொட்டி வந்தது. இலங்கைக் குளங்கள் நிறைய வந்தன. சிவகங்கை வரவில்லை. நீ கேட்டதற்குத்தான் அது பதில் சொன்னது. உன் மனதில் இருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு நோட்டை எடுத்துக்கொள். கணினி வேண்டாம், நோட்டு. முதல் பக்கத்தில் கண்மாய் என்று எழுது. அதற்குக் கீழே திருநெல்வேலிக்காரர் சொல்கிற குளம், காஞ்சிபுரத்துக்காரர் சொல்கிற ஏரி, ஏந்தல், தாங்கல் எல்லாவற்றையும் எழுது. ஊருணியைத் தனிப் பக்கத்தில் எழுது. அது குடிதண்ணீருக்கு, பாசனத்துக்கு இல்லை. இது உனக்கே தெரியும், ஆனால் வெளியூரில் உட்கார்ந்து எழுதியவர் இரண்டையும் ஒரே டாங்க் ஆக்கியிருப்பார். அப்புறம் அதன் உறுப்புகள்: மடை, கலுங்கு, வரத்துக்கால், ஆயக்கட்டு. அப்புறம் ஆட்கள்: நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். அப்புறம் வேலை: குடிமராமத்து. ஆங்கிலத்தில் இதற்கே ஒரு சட்டம் இருக்கிறது, 1858-இல் வந்த மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். அந்தப் பெயரைப் பார்த்தால் அது கண்மாய்க் கரை உடைந்தால் மண் போட ஆள் கூப்பிடுகிற சட்டம் என்று யாராவது நினைப்பார்களா? நீ ‘டாங்க்’ என்று ஆயுசுக்கும் தேடினாலும் அது உன் கண்ணில் படாது.

அரசாங்கத்தின் வாயில் இதற்கு இன்னொரு பெயர், மைனர் இரிகேஷன், சிறுபாசனம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 நீர்நிலைகள் இந்தக் கணக்கில் வரும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறை, கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்து வைத்தார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கண்மாய்களின் காகிதங்கூட இரண்டு வேறு அலுவலகத்தில் இருக்கும். இதையும் நோட்டில் எழுது.

அடுத்த பக்கத்தில் ஊர்ப் பெயர். நீ ‘சிவகங்கை மாவட்டம்’ என்று தேடுகிறாய். அந்தப் பெயரில் மாவட்டமே 1997-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் 1985-இலிருந்து பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் திருமகன் மாவட்டம். அதற்கும் முன்னால் 1910-இலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்துக்குள். அதற்கு முன் மதுரை மாவட்டத்தின் ஜமீன். உன் தாத்தா பிறந்த ஊரும், உன் அம்மா படித்த ஊரும், நீ பிறந்த ஊரும் ஒரே ஊர்தான். ஆனால் காகிதத்தில் நான்கு மாவட்டம். நீ நான்காவது கதவை மட்டும் தட்டிவிட்டு வீட்டில் ஆளே இல்லை என்கிறாய்.

இன்னொரு கூத்து எழுத்துக் கூட்டல். கண்மாயை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘ஏ, ஐ’ போடுகிறவர் உண்டு. நம் ஊர் அரசு அறிக்கையிலெல்லாம் ‘ஓ, ஐ’ என்று இருக்கும். கண்மொய் என்று படிக்கத் தோன்றும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அட்டவணையில் தமிழ் லெக்சிகன் முறைப்படி ‘ஒய்’ போட்டு முடிப்பார்கள். மூன்றும் மெஷினுக்கு மூன்று வேறு சொல். உன் அறைத்தோழி தமிழ் இலக்கியம்தானே? அவளிடமும் சொல்: சிலப்பதிகாரத்தை நாம் ‘எஸ்’ போட்டுத் தேடுவோம், சிகாகோ நூலகத்தில் அது ‘சி’ எழுத்தில் இருக்கிறது. சகரம் எல்லாமே அங்கே ‘சி’தான். நம் புத்தகம் அவர்களிடம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த மாதிரி ஒரு பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியார். மாநிலக் கல்லூரியில் நிம்மதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924-இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வந்த சில நாளிலேயே, ஆளில்லாத கட்டடத்தில் உட்கார முடியவில்லை, என்னைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்புங்கள் என்று போய் நின்றிருக்கிறார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். நாலைந்து விதத் துண்டுகளையும் ஆணியையும் வைத்து வண்டி, பாலம், கிரேன் என்று எதை வேண்டுமானாலும் பூட்டிக் காட்டினார்களாம். புத்தகத்துக்கு எண் கொடுப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் 1933-இல் வந்த கோலன் பகுப்புமுறை. நூலகக் கல்லூரியில் அதை மனப்பாடம் செய்யச் சொல்லி எங்கள் உயிரை எடுத்தார்கள். எதற்கு இது என்று எனக்கு விளங்கியது பத்து வருஷம் கழித்துத்தான். எந்த ஆராய்ச்சிக் கேள்வியையும் எந்தப் பொருள், அதற்கு என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று கழற்றிப் போட்டுவிடலாம். உன் தலைப்பையும் கழற்று. கண்மாய். பராமரிப்பு. சிவகங்கை. 1850-இலிருந்து இன்று வரை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பத்தி, அந்தப் பத்தியில் கிடைத்த மாற்றுச் சொல் எல்லாம். தேடும்போது ஒவ்வொரு பத்தியிலிருந்தும் ஒன்றை எடுத்துப் பூட்டு. வரவில்லையென்றால் ஒரு துண்டை மட்டும் மாற்று. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். மாவு புளிக்கவில்லை என்று உப்பையும் உளுந்தையும் அரிசியையும் ஒரே நாளில் மாற்றுகிற கதைதான்.

இனிமேல் எங்கே தேடுவது என்பதைப் பார்ப்போம். உனக்கு முன்னால் இதே வயலை உழுதவர்களிடமிருந்து தொடங்கு. ஷோத்கங்காவுக்குப் போ. காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கு மேல் முழுதாகக் கிடக்கின்றன, காசு கிடையாது. ஆனால் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்காதே. கடைசியில் இருக்கிற நூற்பட்டியலைத் திற. ஒருத்தர் ஐந்து வருஷம் அலைந்து திரட்டியது அங்கே பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் இருக்கும். ஏழெட்டு ஆய்வேட்டின் பட்டியலைப் பார்த்தாயானால் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் தெரியும். டேவிட் மாஸ் 2003-இல் எழுதிய ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ வரும். அது உங்கள் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களைப் பற்றியதேதான். அதைத் தெரியாமல் ‘ஒண்ணுமே இல்ல’ என்று உன் கைடிடம் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார்.

அந்தப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். அவர் யாரை எல்லாம் படித்தார் என்று பார்த்தால் பின்னால் போகலாம். கூகுள் ஸ்காலரில் அந்தப் புத்தகத்துக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை இருக்கும்; அதைத் தட்டினால் 2003-க்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். எங்கள் காலத்தில் இதற்காகப் பொடி எழுத்தில் அச்சடித்த தடித் தடிப் புத்தகம் வரும். யூஜின் கார்ஃபீல்டு என்கிறவர் 1960-களில் அறிவியல் கட்டுரைகளுக்குத் தொடங்கிவைத்தது. அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும். எனக்குக் கண்ணாடி வந்ததே அதனால்தான் என்று நான் சொல்வதுண்டு.

ஷோத்கங்காவில் ஒரு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். யூனிகோடு வழக்கத்துக்கு வரும் முன் தட்டிய தமிழ் ஆய்வேடுகள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாகக் குப்பையாக விழும். மெஷின் தேடுவது அந்தக் குப்பைக்குள்தான். ‘கண்மாய்’ என்று நீ தட்டினால் அது அகப்படவே அகப்படாது. இன்னும் பழையவை வெறும் படமாக ஸ்கேன் செய்தவை. அதனால் தமிழ் ஆய்வேடு வேண்டுமென்றால் பல்கலைக்கழகம், துறை என்று பட்டியல் வழியாகப் போய் ஒவ்வொரு தலைப்பாகக் கண்ணால் பார். இரண்டு மத்தியானம் ஆகும். உன் வயதில் இரண்டு மத்தியானத்தை என்னென்னவற்றுக்கோ கொடுப்பீர்கள்.

ஆங்கில ஜர்னல்களுக்கு உன் பாடு எங்கள் பாட்டைவிட எவ்வளவோ மேல். சந்தா கட்ட முடியாமல் வருஷா வருஷம் நாங்கள் எதை நிறுத்துவது என்று கூட்டம் போடுவோம். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உன் பல்கலைக்கழகம் அரசுடையது, உனக்கு உரிமை உண்டு. ‘கட்டுரைக்கு நாற்பது டாலர் கேட்குது’ என்று நீ சொன்னது விடுதி வைஃபையில் இருந்துகொண்டு திறந்ததால். வளாகத்துக்கு வெளியிலிருந்து திறக்க இன்ஃபெட் என்று ஒரு வாசல் இருக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உன் நூலகத்தில் கேட்டால் தருவார்கள். கேட்காதவருக்கு யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள்.

அதில் எல்லாம் அகப்படாத சரக்கு ஒன்று உண்டு. 1900-க்கு முந்தைய வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசாணைகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான். பழைய தமிழ் அச்சு என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தரமணியில். அதற்குப் போனால் கொஞ்சம் பெருமையாகவே போ. அந்த மனுஷர் நம் கோட்டையூர்க்காரர், பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். கைக்குக் கிடைத்த அச்சுத் தாள் எதையும் விடாமல் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கியது. கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே வைத்து 1994-இல் நூலகமாக்கினார்கள். கோட்டையூர் வீட்டிலிருந்து லாரியில் ஏற்றின காகிதத்தில் உன் கண்மாய் தகராறு நோட்டீஸ் ஒன்று இருந்தாலும் இருக்கும்.

கிடைத்ததை எங்கே வைக்கிறாய்? உன் டெஸ்க்டாப்பில் ‘நியூ’, ‘நியூ ஒன்று’, ‘ஃபைனல் நியூ’ என்று கோப்புகளைப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்தது. ஸோட்டிரோ என்ற மென்பொருளைப் போட்டுக்கொள். 2006-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுக்காரர்கள் செய்தது, இலவசம். ஒரு தட்டு தட்டினால் கட்டுரையின் விவரமெல்லாம் தானாகப் போய் உட்காரும். பின்னால் நூற்பட்டியலைத் தானே போட்டுத் தரும். ஆனால் அச்சுப் புத்தகத்திலிருந்து எடுக்கிற மேற்கோளின் பக்க எண்ணை அது எழுதாது. நீதான் எழுத வேண்டும், படித்த அன்றைக்கே. ஆய்வேடு கொடுக்கிற வாரத்தில், “மேடம், இந்த மேற்கோள் எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று நாற்பது புத்தகத்தோடு கவுண்டரில் நின்ற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ஒருத்தி அழுதேவிட்டாள். நானும் என் உதவியாளரும் தரையில் உட்கார்ந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் தேடிக் கொடுத்தோம்.

நகலைக் கண்டுபிடிக்கிற மென்பொருளைப் பற்றி நீங்கள் பயந்து சாகிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதற்காகச் சொல்லைத் திருகி, ‘கண்மாய்’ இருந்த இடத்தில் ‘நீர்த்தேக்க அமைப்பு’ என்று போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எண்ணைக் குறைக்க எழுதாதே. புத்தகத்தை மூடிவிட்டு, உன் அம்மாவிடம் சொல்கிற மாதிரி எழுது. எண் தானாக இறங்கும்.

ஜர்னல் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வாட்ஸ்அப்பில் ‘மூன்று நாளில் பிரசுரம், ஐ.எஸ்.எஸ்.என். உண்டு, இவ்வளவு பணம்’ என்று வந்தால் அழித்துவிடு. தரமான இதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ பட்டியலையும் 2025-இல் எடுத்துவிட்டார்கள், இனி நல்லது கெட்டது பார்க்கிற பொறுப்பு உங்கள் தலையில். சந்தேகமாக இருந்தால் நூலகரிடம் காட்டு, ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

அப்புறம், நீ காபி குடித்துக்கொண்டே காட்டின அந்தப் பட்டியல். செயற்கை நுண்ணறிவு கொடுத்தது, எட்டுக் கட்டுரை. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோமே. ஐந்து நிஜம். மூன்று இந்த உலகத்திலேயே கிடையாது. ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், தலைப்பு கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதவே இல்லை. உனக்கு வேர்த்துவிட்டது. எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. நான் இருந்ததை இல்லை என்றேன். இது இல்லாததை இருக்கிறது என்கிறது. இரண்டிலும் அலைகிறது பிள்ளைகள்தான். அதைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லவில்லை. மாற்றுச் சொல் கேள், பெயர்களைக் கேள். நோட்டில் நிரப்ப உதவும். ஆனால் டி.ஓ.ஐ. எண்ணைத் தட்டி, கட்டுரை திறந்து, முதல் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அது உன் பட்டியலுக்குள் வரலாம்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு நான் ஒரு டைரி வைத்துக்கொண்டேன். இடது பக்கம், வந்தவர் கேட்டது. வலது பக்கம், அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது. நடுவில், எந்தச் சொல்லில் கிடைத்தது. ஓய்வு பெறும்போது மூன்று டைரி நிரம்பியிருந்தன. இடமும் வலமும் ஒன்றாக இருந்த பக்கம் கொஞ்சம்தான். ‘சட்டப் புத்தகம்’ கேட்டவருக்குத் தன் பாட்டியின் சொத்து விவகாரம் தெரிய வேண்டியிருந்தது. ‘மீனவர்’ என்று கேட்ட பெண்ணுக்கு வலையின் பெயர்கள் வேண்டியிருந்தன. வெட்கம், பாப்பா. முட்டாள்தனமாகக் கேட்டுவிடுவோமோ என்று கேள்வியை ஒரு சொல்லாகச் சுருக்கிக்கொண்டு வருவார்கள். நீ அப்படிப் போகாதே. “கண்மாய்ப் புத்தகம் இருக்கா?” என்று கேட்காதே. உட்கார்ந்து சொல்: 1850-க்குப் பிறகு சிவகங்கை ஜமீனில் கண்மாய் மராமத்தை யார் செய்தார்கள், ஜமீன் ஒழிந்த பிறகு யார் செய்யவில்லை என்று பார்க்கிறேன், இந்த இந்தச் சொல்லில் இங்கே இங்கே தேடினேன், இதெல்லாம் கிடைத்தது, இது கிடைக்கவில்லை என்று. தேடிய தேதியோடு நோட்டைக் காட்டு. நோட்டோடு வருகிற பிள்ளைக்கு எந்த நூலகரும் நாற்காலி போடுவார். உங்களிடம் இல்லாத புத்தகத்தை டெல்நெட் மூலம் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கவும் அவரால் முடியும். அதற்கு ஒரு படிவம் உண்டு, அதையும் கேள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போ, கூட்டம் இருக்காது. ரெஃபரன்ஸ் செக்‌ஷனில் ஏசி ஒரேயடியாகக் குளிரும், சால்வை எடுத்துக்கொள். அங்கே புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன், நல்ல பிள்ளையாம், ஆனால் அவசரக்காரன். நீ கேட்டதும் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டிவிட்டு இல்லைக்கா என்பான். கோபப்படாதே. நோட்டைப் பிரித்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்து, எந்தச் சொல்லில் பார்த்தீங்க தம்பி என்று கேள்.